ரிப்பேர் என்னன்னு மட்டும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. அரைப் பக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட் எழுதித் தரச் சொல்லி என் அக்கா கேட்டாள். ஒரு பழைய மெஷினில் என்ன கோளாறு, என்னென்ன மாற்றினாள், கடைசியில் ஒரே ஒரு வரியில் அவளுடைய அபிப்பிராயம். அவ்வளவுதான் கேட்டது. முதல் இரண்டையும் அவளே எழுதிவிட்டாள். கடைசி வரிதான் வரவில்லை. இரண்டு நாள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "நீதான் எழுதறவனாச்சே, நீயே எழுதித் தொலை" என்று தாளை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டியதில் இது இத்தனை பக்கமாகிவிட்டது. வரி மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வரி எழுத முடியாமல் போனதற்கு நானும் ஒரு காரணம். அதை இப்போதே சொன்னால் என்னைத் திட்டிவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆறாம் பகுதி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், பட்டறை வாசலில் ஒரு லாரி வந்து—" [அடித்தது. மழை பெய்யவே இல்லை. காலை பதினொரு மணி, மண்டையைப் பிளக்கும் வெயில். மழை என்றால் வாசகருக்கு மனசு இளகும் என்ற நப்பாசை.]

"இயந்திரங்கள் பொய் சொல்வதில்லை. மனிதர்கள்தான்—" [அடித்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "எவன் சொன்னான்? நான் தினம் பாக்கிறேன். மூணு மீட்டர் வந்தா ஒண்ணு வாய் கூசாமப் பொய் சொல்லுது" என்றாள்.]

"அக்கா என்பவள்—" [இதற்கு மேல் ஓடவில்லை.]

அடித்ததையெல்லாம் ஏன் அப்படியே வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். கழற்றிய பழசைத் தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்று இந்த மாதம் நன்றாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால்தான்.

3

ஓடாத வண்டியைச் சரிசெய்யத் தெருவுக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறான். வண்டியைச் சோதிக்கிற பழைய மெஷினே ஓடாமல் போனால் அக்காவிடம்தான் வர வேண்டும். ஷட்டர் போட்ட ஒரே அறை. நீளமான மேஜை, அதன் மேல் வளையும் விளக்கு, சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க முள் அசையாத மீட்டர்கள். பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் இரும்புச் சட்டத்தில் ஏற்றி வைத்த நாலு சிலிண்டர் கார் இன்ஜின் ஒன்று. சரிசெய்த மெஷினை மாட்டிப் பார்ப்பதற்காக அக்கா வைத்திருப்பது. கார் கிடையாது, இன்ஜின் மட்டும்தான். "எங்க போகணும்னும் கேக்காது, பெட்ரோலை மட்டும் குடிக்கும், உன்னை மாதிரி" என்பாள்.

அன்று வந்த மெஷின் மார்பளவு உயரம். இரும்புப் பெட்டி, அடியில் மூன்று சக்கரம், நாலாவது இருந்த இடத்தில் ஒரு செங்கல். மேலே சின்னதாக ஒரு திரை, கீழே வரிசையாக மீட்டர்கள், பக்கவாட்டில் சுருட்டித் தொங்கவிட்ட ஒயர்கள். வேலை இதுதான்: இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி விழும்போது திரையில் ஒரு பச்சைக் கோடு எழும்பும். நாலு சிலிண்டருக்கு நாலு கோடு. நாலும் ஒரே உயரத்தில் நின்றால் கவலை இல்லை. ஒன்று மட்டும் தனியாக ஏறி நின்றால் அந்தச் சிலிண்டரில் ஏதோ சரியில்லை, பொறி விழாமல் திணறுகிறது. அவர்கள் கடையில் இதற்கு டி.வி. என்றே பெயராம்.

கொண்டுவந்தவர் அறுபதைத் தாண்டியவர். கடையை மூடி நாலு வருஷம் ஆகியும் நகக்கண்ணில் கறுப்புப் போகாத மெக்கானிக். மெஷினைப் பூப்போட்ட படுக்கை விரிப்பில் மூடிக் கொண்டுவந்திருந்தார். விரிப்பை எடுத்து நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"ரிப்பேர் பண்ண வேணாம்மா. ரிப்பேர் என்னன்னு மட்டும் பாத்துச் சொன்னாப் போதும். எழுதியே குடுத்துடுங்க."

அக்கா "சரிங்க" என்றாள். அவள் காதில் அது ஏறவே இல்லை. ஏனென்றால் பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரும் சொல்லி வைத்தாற்போல் இதைத்தான் சொல்வார்கள். 'செலவை இழுத்து விட்டுடாதே தாயே' என்பதன் மரியாதையான வடிவம் அது. அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் எல்லாரும், மெஷின் ஓடுவதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வாங்கிப் போவார்கள். இருபது வருஷ அனுபவத்தில், அந்தச் சொற்களுக்கு அவற்றின் நேரான பொருள்தான் என்று ஒருவர் வந்து நிற்பார் என்று அவள் நினைக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அன்றைக்கே உறுத்தியதாம். பின்பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்து, "உள்ள நிறையப் போயிருக்கும் போலிருக்கே" என்றாள். இதைக் கேட்டால் யாருக்கும் முகம் தொங்கிப் போகும். இவருக்கு மலர்ந்தது.

"அப்படியா? ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே போயிருக்குமா?"

"இருக்கலாம்."

"நல்லா பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, விரிப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

4

நாலாம் நாள் அவர் திரும்பி வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, கதையைச் சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று அக்கா இன்றைக்கும் அங்கலாய்க்கிறாள். மெஷின் ரிப்பேருக்கு வருபவர் எடுத்த எடுப்பில் வீட்டுச் சாவைப் பற்றிப் பேசுவாரா?

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. ஏற்றத்தில் திக்குகிறது என்று ஒரு சரக்கு வேனைக் கடையில் விட்டிருந்தார்கள். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அவரிடமே வேலை பார்த்தவன். வயது இருபத்தாறு. இன்ஜினை உறுமவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மாமா, மூணாவது மிஸ் அடிக்குது" என்றிருக்கிறான். மூன்றாவது சிலிண்டரில் பொறி விட்டுவிட்டு விழுகிறது என்று அர்த்தம். இவர் டி.வி.யை உருட்டி வந்து மாட்டினார். நாலு கோடும் சமமாக நின்றன.

"பாருடா. எது மிஸ் அடிக்குது?"

"பாரம் ஏறினா நல்லாத் தெரியும் மாமா. இங்கயே லேசாக் காதுல விழுது."

"மெஷினை விட உன் காது பெரிசா? அப்ப அதைக் கழட்டிக் குடு, அடுத்த வண்டிக்கு மாட்டிப் பாக்கலாம்."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தான். "வாங்க, மேட்டுல ஓட்டியே காட்டறேன்" என்றான். இவர் போகவில்லை. "போடா, போ" என்றார். அதுதான் அவனிடம் பேசிய கடைசிப் பேச்சு.

மலைச்சாலையின் இரண்டாவது வளைவில் வேன் பின்னோக்கி உருண்டு பள்ளத்துக்குள் போய்விட்டது. இன்ஜின் நின்றதா, கியர் தவறியதா, யாரும் பார்க்கவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் இவரைக் கேட்டார்கள். "இன்ஜின் நல்லா இருந்துச்சு, நானே மெஷின்ல போட்டுப் பாத்தேன்" என்றார். கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். அதை வைத்து அவர்கள் இரண்டு வார்த்தை எழுதினார்கள்: ஓட்டுநரின் கவனக்குறைவு. வேன் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

"அன்னைலேர்ந்து இந்த மெஷினைத் தொடல. போர்வையப் போட்டு மூடிட்டேன். காதாலதான் வேலை பாத்தேன். எந்த வண்டியக் கேட்டாலும் மூணாவது மிஸ் அடிக்கிற மாதிரியே இருக்கும்மா. நல்ல வண்டிகூட."

அக்கா கையிலிருந்த டார்ச்சை மேஜை மேல் வைத்தாள்.

"அன்னைக்கு மெஷின் நல்லா இருந்திருந்தா, அவன் தப்பு. கெட்டிருந்தா, என் தப்பு. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

"எதுவா இருந்தா நல்லதுன்னு நினைக்கிறீங்க?"

"கெட்டுத்தான் இருந்திருக்கணும்" என்றார், யோசிக்காமல். "அப்பத்தான் அவகிட்டப் போய்ச் சொல்லலாம், உன் தம்பி காதுதான்டி சரி, நான்தான் முட்டாள்னு. அந்த ரெண்டு வார்த்தை அவன் மேல இருக்கக் கூடாதும்மா."

அவர் சொல்லி முடித்தபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கதைக்காக மட்டும் இல்லை. தன் மேஜைக்கு அடியில் இருந்த காலிக் குப்பைத் தொட்டிக்காகவும்தான்.

5

(இந்தப் பகுதியை யாரும் உரக்கப் படிக்க வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.)

ஆறாம் நாள் அவருடைய மனைவி தனியாக வந்தார். அவர் படியேறும் நேரம் பார்த்து நான் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறேன். "அப்புறம் பேசறேன்டா, வை" என்று அக்கா வைத்துவிட்டாள்.

"தம்பியா?" என்றார் அந்த அம்மாள்.

"ஆமாங்க. எப்படித் தெரிஞ்சுது?"

"வைக்கச் சொன்ன விதத்துலயே தெரிஞ்சுது."

ஸ்டூலில் உட்காரவில்லை. மெஷினுக்கு முன்னால் நின்று, அணைந்து கிடந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அவரு வந்து எல்லாம் சொல்லியிருப்பாரே" என்றார்.

"சொன்னாருங்க."

"மெஷின் நல்லாத்தான் இருந்துச்சுன்னு எழுதிடுங்கம்மா."

அக்கா தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்தாள். "அப்படி எழுதினா, தப்பு உங்க தம்பி மேலல்ல விழும்?"

"விழட்டும். அவன் என் தம்பி, அவனை நான் பாத்துக்கிறேன்."

இந்த இடத்தில் கதாசிரியன் குறுக்கே வந்தே ஆக வேண்டும். எனக்கு இது நம்பிக்கையாக இல்லை. எந்த அக்காக்காரி தம்பியை இப்படி விட்டுக்கொடுப்பாள்? அதனால் அவரை வேறு மாதிரி எழுதினேன். "அவர் மெஷினை ஓங்கி அறைந்தார். 'என் தம்பிக்கு நியாயம்—'" [அடித்தது.] "அவர் கண்களில் நீர் தளும்ப—" [அடித்தது. அக்கா: "அவங்க அழவே இல்லடா. நீ எதுக்கு அழ வைக்கிற?"]

"விட்டுக்கொடுத்துட்டாங்களேக்கா" என்றேன்.

அக்கா சால்டரிங் இரும்பை அதன் தாங்கியில் வைத்தாள். "உன் மேல எவனோ ரெண்டு வார்த்தை எழுதிட்டான்னு வெச்சுக்கோ. அதை அழிச்சாத்தான் நீ யாருன்னு எனக்குத் தெரியுமா? போடா" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்த அம்மாளைச் சந்தேகப்படவில்லை. அவர் பேசியதை அக்கா சொன்னபடியே எழுதுகிறேன்:

"சாப்பாட்டுல கை வெச்சிட்டு நிறுத்திடுவாரும்மா. தெருவுல ஏதோ வண்டி போகும். 'மூணாவது'ம்பாரு. இருபத்து மூணு வருஷமா அந்த வேனை இன்னும் நிறுத்தல அவரு. அவன் செத்துட்டான், நான் அழுது தீத்துட்டேன். இவரை என்ன பண்ணச் சொல்றீங்க?"

கிளம்பும்போது, "எழுதிக் குடுத்தா நான்தான் படிச்சுக் காட்டணும். தூரத்துல இருக்கிறது தெரியும், கிட்டத்து எழுத்து அவருக்குப் போயிடுச்சு. பேப்பர், மருந்துச் சீட்டு, வாரப் பத்திரிகை எல்லாம் என் வாயாலதான் கேக்கிறாரு" என்றார். நான் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார்.

6

இனி என் தப்பு.

பழைய மெஷின் எதுவாக இருந்தாலும் முதலில் அதிலுள்ள கண்டென்சர்களை மாற்றிவிட வேண்டும். மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக் கொடுக்கும் சின்ன உருளைகள் அவை. வருஷக்கணக்கில் கிடந்தால் காய்ந்துபோகும், கசியும், சமயத்தில் வெடிக்கும். அக்கா எப்போதும் ஒவ்வொன்றாகக் கழற்றுவாள். அளந்து பார்ப்பாள். ஒரு துண்டு டேப்பில் எண் எழுதி ஒட்டி, முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக வைப்பாள். பார்த்தால் அவை ஏதோ குஞ்சு பொரிக்கப் போகிறவை என்றே தோன்றும். ஒன்றைக்கூடத் தொலைத்தது கிடையாது.

மூன்றாம் நாள், அதாவது அவர் வந்து கதையைச் சொல்வதற்கு முந்தின நாள், நான் போன் செய்தேன். ஒரு ராஜாவையும் அவனுடைய கண்ணாடியையும் பற்றி ஒரு கதை எழுதியிருந்தேன். (இன்று வரை எந்தப் பத்திரிகையும் அதைச் சீந்தவில்லை. சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.) படித்துக் காட்டுகிறேன் என்றேன். "வேலை இருக்குடா" என்றாள். "கைதானே வேலை செய்யுது, காது சும்மாத்தானே இருக்கு" என்றேன். ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள். ஒரு மணி இருபது நிமிஷம் படித்தேன்.

"கேக்கிறியா?"

"கேக்கிறேன், படி."

நடுநடுவே 'டங்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அது என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல, பழசு."

முப்பத்தொரு கண்டென்சர். என் ராஜாவைக் கேட்டுக்கொண்டே அக்கா ஒவ்வொன்றாக வெட்டி, தகரக் குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அளக்கவில்லை, எண் ஒட்டவில்லை. கை தன் பாட்டுக்குச் செய்தது. முடித்துவிட்டு, இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று போர்டு முழுவதையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் விட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்குக் குப்பை வண்டி வந்தது. பதினொரு மணிக்கு அவர் வந்தார்.

அந்த முப்பத்தொன்றில் ஒன்று முக்கியமானது. அது பழுதானால் திரைக்குப் போகும் சக்தி குறையும். கோடுகள் ஓர் அளவுக்கு மேல் எழும்ப முடியாது. தனியாக ஏறி நிற்க வேண்டிய கோடும் மற்ற மூன்றோடு சமமாக நின்றுவிடும். மிஸ் அடிக்கிற சிலிண்டர் நல்ல சிலிண்டர் போலவே தெரியும்.

"பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமாக்கா?"

"தெரிஞ்சிருக்கலாம். மெஷின் ஓடிட்டிருக்கும்போதே அது கெட்டிருந்தா சூட்டுல கருகின தடம் இருக்கும், அடியில கசிஞ்ச கறை இருக்கும். சும்மா மூடிக் கிடந்து காஞ்சிருந்தா அதெல்லாம் இருக்காது. நான்தான் கறையோட சேத்துத் துடைச்சிட்டேனே." கொஞ்சம் பொறுத்து, "கறை இருந்துச்சான்னும் தெரியாது. என் கண்ணு அங்க இருந்துச்சு. நான் உன் ராஜாகிட்ட இருந்தேன்" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. எனக்கு இப்போது வேறு ஒன்றுதான் தாங்கவில்லை. அந்த முக்கியமான ஒன்று தொட்டியில் விழுந்த சத்தத்தையும் நான் போனில் கேட்டிருக்கிறேன். முப்பத்தொரு 'டங்'கில் அதுவும் ஒன்று. என் கதையை விட்டுவிட்டு அதைக் கேட்டிருக்க வேண்டும்.

7

ஒன்பதாம் நாள் இருவரும் வந்தார்கள். நானும் போயிருந்தேன். பாவத்தில் பாதி என்னுடையது என்பதால், அலமாரியை ஒட்டி நின்றுகொண்டேன். அக்கா "என் தம்பி, எழுதுவான்" என்றாள். "எழுதறவரா? நல்லது. அக்காவுக்கு ஒத்தாசையா இருங்க" என்றார் அவர். எனக்குச் சுருக்கென்றது.

கொட்டகையில் மெஷினை இன்ஜினோடு இணைத்தாள் அக்கா. இன்ஜின் ஓடியதும் திரையில் பச்சையாக ஒரு புள்ளி தோன்றி, கோடாகி, நாலு கோடாக எழுந்து நின்றது. அவ்வளவு தெளிவு. வேறொரு நாளாக இருந்திருந்தால் அக்கா ஒரு குதி குதித்திருப்பாள்.

அவர் யாரையும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, மூன்றாவது சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினார். இன்ஜின் திக்கியது. திரையில் மூன்றாவது கோடு மட்டும் உச்சிவரை ஏறி நின்றது.

"இப்பத் தெரியுது" என்றார்.

"தெரியுதுங்க."

"அன்னைக்கு இப்படி நிக்கல."

மூன்று தடவை மாட்டினார், மூன்று தடவை பிடுங்கினார். மூன்று தடவையும் அது ஏறி நின்றது. அக்கா இன்ஜினை அணைத்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாதாரணமாகக் கையை நீட்டினார்.

"பழசைக் குடுங்கம்மா."

வண்டி வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு பாகத்தை மாற்றினால், கழற்றிய பழசைச் செய்தித்தாளில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். இதைத்தான் மாற்றினேன், இதனால்தான் மாற்றினேன் என்பதற்கு அதுதான் சாட்சி. நாற்பது வருஷமாக அவர் கொடுத்த கை. இன்றைக்கு வாங்குவதற்காக நீட்டியிருக்கிறார்.

அக்கா சொன்னாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். போனில் நான் கதை படித்ததை மட்டும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். நான் வாயைத் திறக்கப் போனேன், ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

அவர் பட்டறைக்குள் நடந்து போய், மேஜைக்கு அடியில் குனிந்து, குப்பைத் தொட்டியை வெளியே இழுத்துப் பார்த்தார். ஒயர்த் துண்டுகள், டீ குடித்த காகிதக் கப், ஒரு ஆரஞ்சுத் தோல். கையை விட்டு அடிவரைக்கும் துழாவினார். குப்பை போய் ஐந்து நாள் ஆகிவிட்டது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் துழாவினார்.

நிமிர்ந்தபோது அவர்தான் அக்காவைத் தேற்றினார். "விடுங்கம்மா. நானும் எத்தனையோ பழசைத் தூக்கிப் போட்டிருக்கேன். பழகின கை நம்மளைக் கேக்காது."

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். "சரி. சாமானுதான் இல்ல. உள்ள திறந்து பாத்தவங்க நீங்கதானே. உங்களுக்கு என்ன தோணுது? அதைச் சொன்னாலே போதும். நீங்க சொன்னா ஒத்துக்கிறேன்."

அவருக்குப் பின்னால், ஷட்டர் ஓரத்தில், அவருடைய மனைவி இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவையே பார்த்தார்.

அக்கா "ரெண்டு நாள் குடுங்க, எழுதியே தந்துடறேன்" என்றாள்.

8

ஆகவே முடிவுகள்.

முதல் முடிவு: மெஷின் அன்றைக்கே கெட்டிருந்தது. அவர் வீட்டுக்குப் போய், "உன் தம்பி காதுதான் சரி" என்கிறார். இரண்டு வார்த்தை அழிகிறது. அந்த அம்மாள் "சரி" என்கிறார். அப்புறம் தெருவில் ஒரு வண்டி போகிறது, அவர் கை சாப்பாட்டில் நின்றுவிடுகிறது, இந்தத் தடவை சந்தேகம்கூட இல்லாமல்.

இரண்டாவது: மெஷின் நல்லாத்தான் இருந்தது. அவர் தூங்குகிறார். ஒருவேளை தூங்குகிறார். செத்தவன் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு போகிறான், அவனுக்காகப் பேச—

[அடித்தது. என்னால் இதை முடிக்க முடியவில்லை. நானும் ஒரு தம்பி.]

மூன்றாவது: தெரியாது. இதுதான் உண்மை. உண்மையை எழுதுவதுதானே எழுத்தாளனின் வேலை என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, நீங்களே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். இருபத்து மூன்று வருஷமாக அவரிடம் இருப்பது அதுதான். அதையே செய்தித்தாளில் சுற்றி அவரிடம் திருப்பிக் கொடுக்கவா?

அக்காவுக்கு என்ன தோன்றுகிறது என்று கடைசியாகக் கேட்டேன்.

"தோணுறது ஒண்ணு இருக்கு" என்றாள். "சொல்ல மாட்டேன். அன்னைக்கும் யாருக்கோ தோணினதைத்தான் அந்தப் பேப்பர்ல எழுதினாங்க."

9

வாசகரே, உங்களோடு பேச்சு முடிந்தது. விரும்பினால் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் இனி நான் பேசுவது ஆறாம் நாள் தனியாக வந்த அந்த அம்மாளிடம் மட்டும்.

அம்மா, அக்கா நாளை உங்கள் கையில் ஓர் உறையைக் கொடுப்பாள். அதில் இதுதான் இருக்கும். அரைப் பக்கம் கேட்டதற்கு இவ்வளவு எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். முதலில் தனியாக உட்கார்ந்து ஒரு தடவை படித்துவிடுங்கள். அவருக்குப் படித்துக் காட்டும்போது முதல் பகுதியையும் ஐந்தாம் பகுதியையும் விட்டுவிடுங்கள். எட்டாம் பகுதியையும், இந்தப் பகுதியில் ரிப்போர்ட் தவிர மற்றதையும் விட்டுவிடுங்கள். ஆறாம் பகுதியை அவசியம் படியுங்கள். என் அக்கா தானாக அவரிடம் மறைத்தது அது ஒன்றைத்தான். குப்பைத் தொட்டியின் சத்தம் என் கணக்கில்தான் சேர வேண்டும் என்று அவருக்குத் தெரியட்டும்.

உங்கள் தம்பி உங்களுடையவர். உங்கள் கணவரும் உங்களுடையவர். நடுவில் நுழைந்து சொல்ல எனக்கோ என் அக்காவுக்கோ ஒரு சொல் இல்லை. அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். எதை வைத்தாலும் இரண்டு பேரில் ஒருவருக்கு வலிக்கும் என்று உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.

ரிப்போர்ட் இதுதான்:

மாற்றியவை: கண்டென்சர் முப்பத்தொன்று, ஒரு ஃபியூஸ், ஒரு சக்கரம்.
சுத்தம் செய்தது: உள் போர்டு முழுவதும்.
கழற்றிய பழசு: திருப்பித் தர முடியவில்லை. வருந்துகிறோம்.
இன்றைய நிலை: நன்றாக ஓடுகிறது. நாலு கோடும் தெளிவாகத் தெரிகின்றன.
அபிப்பிராயம்: வேன் வந்த அன்று இந்த மெஷின் (          ) இருந்தது.

கடைசி வரிக்கு வருவதற்கு முன்பே எந்தச் சொல் என்று முடிவு செய்துகொள்ளுங்கள், அம்மா. அந்த இடத்தில் நிறுத்தாமல், மற்ற வரிகளைப் படித்த அதே வேகத்தில் படித்துவிடுங்கள். ஒரு கணம் தாமதித்தாலும் அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். அவருக்குக் காது கூர்மை.